வால் வார்த்தைகள்

என் தம்பி மகள் சென்னையில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். மார்க் அள்ளலாம் என்று பிரெஞ்சு எடுத்திருக்கிறாள். போன மாதம் லீவுக்கு விருத்தாசலம் வந்திருந்தபோது, கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு ஏதோ நெட்டுருப் போட்டுக்கொண்டிருந்தாள். "ழெ பார்லே, த்யு பார்லே, இல் பார்லே" என்று சொல்லிவிட்டு, அடுத்தது வராமல் நின்றுவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் தலையைத் தூக்காமலே, "நூ பார்லியோன், வூ பார்லியே, இல் பார்லே" என்று முடித்து வைத்தேன்.

பெண் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாத அத்தை வாயில் பிரெஞ்சு வந்தால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது? எனக்கு அது மட்டும்தான் தெரியும் என்றேன். உண்மைதான். நான் பேசுகிறேன் என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியாது. நாளைக்குப் பேசுவேன் என்றும் சொல்லத் தெரியாது. அந்தக் காலத்தில் பேசுவேன், அந்தக் காலத்தில் பேசுவார், நாங்களெல்லாம் பேசுவோம், இவ்வளவுதான் என் பிரெஞ்சு.

அவள் "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். நின்று கேட்க அவளுக்கு நேரமில்லை. நீங்கள் என் வயசுக்காரர்கள். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் வைத்திருந்த விஷயம் ஒன்றாவது இருந்திருக்கும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இப்போது இல்லை. இனி யாருக்கும் இதனால் நோகப்போவதில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தார்கள். அப்பா வீட்டை ஒட்டி ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து டீக்கடைக் கப்பும் சாசரும் செய்துகொண்டிருந்தார். களிமண் தூள் எங்கள் வீட்டில் எங்கும் இருக்கும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், அப்பாவின் புருவத்தில் நிரந்தரமாக இருக்கும். என் பள்ளிக்கூடத் தோழிகள் என்னை 'மாவு மெஷின்' என்று கூப்பிடுவார்கள்.

சாசருக்கு இரண்டு சூடு. முதல் சூட்டில் வெந்து வருவதைப் 'பிஸ்கட்' என்போம். பளபளப்பு இருக்காது. நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வைத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன். அந்தப் பிஸ்கட் சாசரின் தூசியைத் துடைத்து, சுழலும் தட்டில் வைத்து, ஓரத்தில் நீலக் கோடு போடுவது பெண்கள் வேலை. பிறகு பளபளப்புக் கரைசலில் முக்கி இரண்டாவது சூட்டுக்கு ஏற்றுவார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. பிஸ்கட் மேல் நீலத்தால் போட்டது சூளைக்குப் பிறகு அழியவே அழியாது. பென்சிலால் எழுதியதோ இரண்டாவது சூட்டில் எரிந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதனால் ஷெட்டில் பெண்கள் எதையும் பென்சிலால் சாசரின் அடியில் கிறுக்குவார்கள். யார் போட்ட கோடு என்ற அடையாளம், ஒருத்தி மேல் ஒருத்தி கேலி, அப்பாவின் மீசை. முதலாளியின் மீசையை முப்பது சாசரில் வரைந்து அவர் கையாலேயே சூளையில் அடுக்க வைத்த கெட்டிக்காரிகள் அங்கே இருந்தார்கள்.

அந்தக் கோடையில்தான் அத்தை பாண்டிச்சேரியிலிருந்து ஒரு பச்சை டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. இருபத்தேழு வயது. மாமா பிரெஞ்சுப் பிரஜை. பிரான்சில் ஒரு கார் தொழிற்சாலையில் வேலை. அத்தையைப் பாண்டிச்சேரியில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், ஐந்து வருஷத்தில் மூன்று தடவை லீவில் வந்தார். நான்காவது தடவை தந்திதான் வந்தது. நெஞ்சு வலி. அங்கேயே புதைத்துவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாததால் மாமியார் வீட்டில் ஐந்து மாதம் வைத்திருந்துவிட்டு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அத்தையின் பெட்டியில் நாலு புடவையும் ஒரு கடிதமும் இருந்தன. மாமா செத்த பிறகு பிரான்சிலிருந்து வந்த கடிதம். இரண்டு பக்கமும் பொடி எழுத்து. அடியில் ஒரு பெண்ணின் பெயர். மாமாவுக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று பாண்டிச்சேரித் தெருவில் ஏற்கனவே ஒரு பேச்சு இருந்திருக்கிறது. தான் அவருக்குப் பெண்டாட்டியாக இருந்தோமா, லீவுக்கு வந்து தங்கும் வீடாக இருந்தோமா என்பதற்கான பதில் அந்தக் கடிதத்தில் இருந்தது. அத்தைக்கோ பிரெஞ்சு தெரியாது.

"பாண்டிச்சேரில பிரெஞ்சு படிக்கிறவங்களுக்கா பஞ்சம்? யாருகிட்டயாச்சும் குடுத்துக் கேட்டிருக்கலாமில்ல?" என்று அம்மா கேட்டாள்.

"எனக்கு முன்னாடி இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது அண்ணி. நல்லதோ கெட்டதோ மொதல்ல நான் தெரிஞ்சிக்கணும். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க."

அம்மா சொல்லவில்லை.

அத்தை என்ன செய்தாள் தெரியுமா? பாண்டிச்சேரியில் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் பாட நூலும், தமிழ் அர்த்தம் போட்ட சின்ன அகராதியும் வாங்கி வந்திருந்தாள். இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். மாமியார் வீட்டில் ஐந்து வருஷம் கேட்ட காதும் இருந்தது. ஆனால் முதல் பாடத்திலிருந்து அவள் படிக்கவில்லை. கடிதத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டே இருந்ததில், நிறைய வார்த்தைகளுக்கு ஒரே மாதிரி முடிவு இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதை அவள் 'வால்' என்று சொன்னாள். அந்த வாலைப் புத்தகம் முழுக்கத் தேடிப் பத்தொன்பதாம் பாடத்தில் பிடித்தாள். யாரோ பழைய மாணவன் பக்கத்தில் தமிழில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்: 'முன்பெல்லாம் செய்வார் – வழக்கம்.'

செத்தவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வாலைப் போட்டுத்தான் எழுத முடியும் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அது ஒரு விளையாட்டு. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். அத்தை நீலக் கோடு போட்டுக்கொண்டே 'ழெ பார்லே, த்யு பார்லே' என்று வாய்ப்பாடு சொல்லுவாள். தப்பினால் நான் சாசரைத் தட்டுவேன். சாயங்காலம் மற்ற பெண்கள் கிளம்பியதும் கடிதத்தை எடுப்பாள். எனக்குக் காட்டமாட்டாள். உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு வால் உள்ள ஒரு வார்த்தையை மட்டும் பிஸ்கட் சாசரில் பென்சிலால் எழுதி நீட்டுவாள். அகராதியில் நான் தேட வேண்டும்.

"நடப்பாரு," என்பேன். "தூங்குவாரு." "வேலை செய்வாரு."

அத்தை தலையை ஆட்டிக்கொள்வாள். காகிதத்தில் எழுதினால் யார் கையிலாவது சிக்கும். சாசரில் எழுதினால் சூளை பார்த்துக்கொள்ளும். படித்து முடித்த சாசர்களை அவள் மற்ற சாசர்களோடு கலந்து வைத்துவிடுவாள். மாமா நடந்ததும் தூங்கியதும் அப்படி ஒவ்வொன்றாகச் சூட்டுக்குப் போயின.

ஒரு நாள் அவள் நீட்டிய வார்த்தையை நான் அகராதி பார்க்காமலே படித்துவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. பாடத்தில் அது வந்திருக்க வேண்டும். இல் ஷான்தே. "பாடுவாரு!" என்று கத்தினேன். அத்தை என்னையே பார்த்தாள். "சரியாப் பாத்துச் சொல்லு," என்றாள். பார்த்தேன். பாடுவாரேதான். அத்தை எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

நானே படித்த முதல் பிரெஞ்சு அது. எரிந்துபோக விட எனக்கு மனசு வரவில்லை. அத்தை வருவதற்குள் நீலத்தில் தூரிகையை முக்கி, அவள் பென்சில் எழுத்தின் மேலேயே எழுதினேன். அதை அடுக்கின் நடுவில் செருகிவைத்தேன். சூளையிலிருந்து வந்ததும் எடுத்து அத்தைக்குக் கொடுத்து அசத்த வேண்டும் என்று நினைப்பு.

சூளை எரிந்து, ஆறி, திறக்க நாலு நாள் ஆகும். அந்த நாலு நாளில் அத்தை கடைசிப் பத்திக்கு வந்திருந்தாள். அங்கே வால் மாறியது. 'இல்' போய் 'நூ' வந்தது.

"நூ-ன்னா நாங்க," என்றேன் நான், வாய்ப்பாடு நினைவில். அகராதியைப் புரட்டி, "குடியிருப்போம்," என்றேன். பிறகு, "நாங்கன்னா யாரும் யாரும் அத்தை?" என்று கேட்டேன்.

அத்தை என் கையிலிருந்து அகராதியை வாங்கிக்கொண்டாள். அன்று மீதி வார்த்தைகளை அவளே அகராதியில் பார்த்தாள். மறுநாள் முழுக்க நீலக் கோடு மட்டும் போட்டாள். அத்தை போடும் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். அன்று போட்டதெல்லாம் அலை அடித்தது. அம்மா பார்த்துவிட்டு, ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துத் தானே திரும்பப் போட்டாள்.

சூளை திறந்த அன்று நான் வாசலில் காத்திருந்தேன். என் கெட்ட நேரம், அந்தச் சாசர் அப்பா கையிலேயே வந்தது.

"இது என்னா எழுத்து?" என்றார் அப்பா. பத்துப் பேர் முன்னால். "யாரு எழுதினது?"

அத்தை எழுந்து வந்தாள். சாசரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான்தான்ணே எழுதினேன்," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் பேசாமல் இருந்த இடங்கள் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

அப்பா சாசரை ஓங்கினார். அத்தை இரண்டு கையாலும் அதைப் பிடித்து வாங்கிக்கொண்டாள். அப்பாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்திருக்கும். "பிரான்சுக்குப் போற எண்ணமா? அவன் போயி செத்தது பத்தாதா? இங்க உனக்கு என்னா கொறச்சல்?" என்று சத்தம் போட்டார். அடங்காமல் போகவே, அம்மா பயந்துபோய், "பிரான்ஸ்லேருந்து ஒரு லெட்டரு வந்துருக்குதுங்க. அதப் படிக்கத்தான் பாடம் படிச்சிக்கிட்டு இருக்குது," என்று சொல்லிவிட்டாள்.

அப்பா பெட்டியைத் திறந்து கடிதத்தை எடுத்தார். "வேணாம்ணே," என்றாள் அத்தை. ஒரே தடவைதான் சொன்னாள். அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கடலூர் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து பாண்டிச்சேரி போனார். பிரெஞ்சில் மனு எழுதிக் கொடுக்கிற ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவரை அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திரும்பி வந்தார். கால் கழுவினார். ஒரு செம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அது ரூம் வூட்டுக்காரம்மா எழுதினதும்மா. வயசானவங்களாம். மாப்ள வாடகை ரூம்ல ஒண்டியாதான் இருந்தாராம். அவரே ஆக்கிச் சாப்புடுவாராம். எப்பப் பாத்தாலும் உன்னப் பத்தியே பேசிக்கிட்டு இருப்பாராம். தங்கமான மனுஷன்னு எழுதியிருக்காங்க."

"அவ்ளோதானாண்ணே?"

"அவ்ளோதாம்மா."

"லெட்டரு?"

"பஸ்ஸுல எங்கயோ வுழுந்துடுச்சும்மா. எவ்ளோ தேடியும் கிடைக்கல."

வெற்றிலைக் காம்பைக்கூடத் தொலைக்காத மனிதர் எங்கள் அப்பா. பஸ் டிக்கெட்டைத் துண்டு முனையில் முடிந்து வைத்து வீடு வந்த பிறகுதான் எறிவார். அத்தை அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போவட்டும்ணே. சேதி தெரிஞ்சிடுச்சில்ல," என்று சொல்லிக் காபி போட எழுந்தாள்.

மறுநாள் பெட்டி கட்டும் வேலை. சாசருக்கும் சாசருக்கும் நடுவே வைக்கோலும் பழைய காகிதமும் வைத்துக் கட்டுவோம். அப்பா அத்தையின் பிரெஞ்சுப் புத்தகத்தை எடுத்து வந்து ஒவ்வொரு தாளாகக் கிழித்துச் சாசர்களுக்கு நடுவே வைத்தார். அகராதியையும் விடவில்லை. பத்தொன்பதாம் பாடம் எந்த ஊர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்ததோ! பெட்டிகள் வேப்பூர் போய் லாரி ஏறிவிட்டன. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கயிறு பிடித்துக்கொடுத்தாள்.

அன்று அப்பாவை வெறுக்க ஆரம்பித்தேன். பிள்ளைகளின் வெறுப்பு சீக்கிரம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. பெண்ணாடத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்று, அவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயசு வந்தபோதும், புத்தகத்தைக் கிழித்த அந்தக் கை எனக்கு மறக்கவில்லை. அவர் என் மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு வந்தால்கூட உள்ளே ஒன்று முள்ளாகக் குத்தும். ஒரு பெண் படிப்பதைப் பொறுக்காத ஆள் என்று என் புருஷனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நான் பகலில் துணைக்கு இருந்தேன். ஒரு மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த லெட்டரு தொலையல பாப்பா. நான்தான் கிழிச்சு, கடலூர் தாண்டறதுக்குள்ள ஜன்னல் வழியா கொஞ்சம் கொஞ்சமா வுட்டுட்டேன். அவன் அங்க ஒரு வெள்ளக்காரியோட குடும்பம் நடத்திக்கிட்டு இருந்திருக்கான். இவ அதப் படிச்சிடுவாளோன்னுதான் பொஸ்தகத்தயும் கிழிச்சேன். அத்தைக்குத் தெரியாமப் பாத்துக்க. நான் போனப்பறம் யாராச்சும் ஒளறிடப் போறாங்க."

இத்தனை வருஷமாக நான் யாரை வெறுத்தேன்? "சரிப்பா," என்றேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் உடம்பை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி நர்ஸ் ஆறுதல் சொன்னாள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அத்தை என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். தலை நரைத்திருந்தது. தம்பி அப்போது ஷெட்டைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தான். அன்று வேலை இல்லை. பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"உங்கப்பாவுக்குப் பொய் சொல்லவே வராதுடி," என்றாள். "அன்னிக்கி ஒண்ணு சொன்னாரு பாரு."

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே! நான் தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தேன்.

"நான் மொத்தமும் படிச்சு முடிச்சிட்டேன், அதுக்கு ரெண்டு நாளு முந்தியே. அவ ஒண்ணையும் மறைக்கல. ரெண்டு பேரும் எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்காங்க. என்னக் கட்டறதுக்கு முந்தியே ஆரம்பிச்சிருக்குது."

"அப்ப ஏன் அத்தை அப்பாகிட்ட சொல்லல?"

"எப்டிடி சொல்லுவேன்? அவ்ளோ தூரம் போயி, அதக் காதால கேட்டுட்டு, திரும்பி வர வழி பூரா பஸ்ஸுல உக்காந்து எனக்காக ஒரு பொய்யை யோசிச்சிக்கிட்டு வந்திருக்காரு. வயசான வூட்டுக்காரம்மாவாம், தானே ஆக்கித் திம்பாராம். அத ஒடைக்க எனக்கு மனசு வரல. அவரு கிழிச்சாரு, நான் கயிறு புடிச்சேன். கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டே நிம்மதியாப் போயிட்டாரு. நீயும் யாருகிட்டயும் சொல்லிடாத."

அதற்கும் சரி என்றேன். அண்ணனும் தங்கையும் ஒரே பொய்யை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். நடுவில் நான் ஒருத்தி, ஒன்றும் புரியாமல் ஒருவரை வெறுத்து இன்னொருவருக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டு.

"அந்தச் சாசர் நான் எழுதினது அத்தை," என்றேன். அந்த வயதில் சொல்லாததை அப்போதுதான் சொன்னேன்.

"தெரியும்டி. என் எழுத்து மேலயே தூரிகையை ஓட்டியிருந்தா எனக்குத் தெரியாதா?" இடுப்புச் செருகலில் இருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தாள். அதே சாசர். ஓரத்தில் ஒரு சில்லு போயிருந்தது. நீலம் அப்படியே இருந்தது.

"அவ மேல எனக்கு வருத்தம் இல்ல. அவளுக்கும் புருஷன் செத்துட்டான், என்னப் போலதான். இருந்தா இருந்துட்டுப் போவட்டும்," என்றாள். பிறகு சாசரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். "இது ஒண்ணுதான் எனக்குத் தாங்கலடி. சாயங்காலமானா பாடுவாருன்னு எழுதியிருந்தா. தமிழ்ப் பாட்டு, ஜன்னல் பக்கம் உக்காந்து. மூணு தடவ லீவுல வந்தாரே, நம்மகிட்ட ஒரு நாளாச்சும் பாடினாரா? அவருக்குப் பாட வரும்னே எனக்குத் தெரியாது."

அத்தை சாசரை என் கையில் கொடுத்தாள்.

"கண்ணு மங்கிப் போச்சு. நீ படி," என்றாள்.

"இல் ஷான்தே," என்று படித்தேன்.

அத்தை கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "இன்னொரு வாட்டி," என்றாள். படித்தேன். அவள் போதும் என்று சொல்லவில்லை. நான் படித்துக்கொண்டே இருந்தேன்.